மஞ்சள் துணி கட்டிய கை

கல்யாணமான முதல் ஆடிக்கு மயிலாப்பூரில் இருந்த பிறந்தகத்துக்கு வந்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. வந்த வாரமே, சாதம் வடிக்கும்போது வெண்கலப் பானை வழுக்கி, கொதிக்கிற கஞ்சி என் இரண்டு முன்கைகளிலும் கொட்டிவிட்டது. புக்ககத்தில் ஒரு பருக்கை சிந்தாதவள் இங்கே வந்து கொட்டிக்கொண்டாள் என்று தெருவே பேசியது. பேசட்டும். எரிந்தது என் கை.

அண்ணா டாக்டர். லஸ்ஸில் டிராம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தான். புடவையில் தீப்பிடித்த பெண்கள் கிடக்கும் வார்டில் அவனுக்கு வேலை. அவர்கள் காயத்துக்கு அங்கே ஏதோ அமிலத்தில் நனைத்த மஞ்சள் துணியைத்தான் கட்டுவார்கள். அதைப் பிரிக்கும்போது அவர்கள் அலறுவது காதைவிட்டுப் போவதில்லை என்று சொல்லிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். சோற்றுக்கற்றாழையை வைத்தால் எரிச்சல் அடங்கும், புண்ணும் சீக்கிரம் ஆறும் என்பது அவன் எண்ணம். பெரிய டாக்டரிடம் கேட்டும் பார்த்தான். அவர் வெள்ளைக்காரர். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரே ஆளின் ஒரே மாதிரிக் காயத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்துக் காட்டு, பிறகு பேசலாம் என்றாராம்.

அந்தச் சமயத்தில்தான் நான் இரண்டு கையையும் வேகவைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஒரு கைக்கு ஆஸ்பத்திரித் துணி, ஒரு கைக்குக் கத்தாழை. பெரிய டாக்டர் பார்க்கற வரைக்கும் மாத்தப்படாது. சம்மதமாடீ?" என்று கேட்டான். தலையாட்டினேன். எது என்னவென்று அப்போது எனக்கென்ன தெரியும்?

திருஷ்டிக்காக நிலைப்படிக்கு மேலே தலைகீழாகக் கட்டியிருந்த கற்றாழையை அவன் அறுத்தபோது அம்மா பதறிவிட்டாள். "வாசல்ல கட்டினதைப் போய் அறுக்கறியேடா! ஆத்துக்கு ஆகுமோ?"

"இதுக்கு மேல என்னம்மா திருஷ்டி படணும்?" என்றான்.

கற்றாழை வைத்த கை கொஞ்ச நேரத்தில் குளிர்ந்து அடங்கியது. மஞ்சள் துணி கட்டிய கை எரிந்துகொண்டே இருந்தது. ஒரு கை சும்மா இருக்க மறு கை எரிவது, இரண்டும் சேர்ந்து எரிவதைவிடக் கொடுமை. பட்டவளுக்குத்தான் தெரியும். மறுநாள் சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் அழுதுவிட்டேன். "அண்ணா, இந்தக் கைக்கும் அதையே போட்டுடேன்."

கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். பிறகு உட்கார்ந்து, தண்ணீர் விட்டு விட்டு அந்தத் துணியைப் பிரித்தான். இரண்டு கைக்கும் கற்றாழை வைத்தான். அவனுடைய சோதனை அத்தோடு போயிற்று. அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை. வலித்தது, கேட்டேன். வார்டில் கிடந்தவர்களுக்கு அப்படிக் கேட்க ஓர் அண்ணா இல்லையே என்பது மட்டும் எனக்கு உறுத்தியது.

என் கைகள் ஆறிவந்த சமயம், ஒரு பகல். அம்மா கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். சமையலறையில் பழுக்கக் காய்ந்த கரண்டியோடு அண்ணா நின்றிருந்தான். நான் ஓடிப் பிடிப்பதற்குள் இரண்டு முன்கைகளிலும் சூடு போட்டுக்கொண்டுவிட்டான்.

"நீதான் கட்டிவிடணும்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வலது கைக்குக் கத்தாழை, இடது கைக்கு மஞ்சள் துணி. நான் கெஞ்சினாலும் அதுக்குக் கத்தாழை போட்டுடாதே. அம்மாவா இருந்தா போட்டுடுவா. நீ பிடிவாதக்காரி."

மிச்சக் கற்றாழையை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊரில் கிடைக்காத பொருளா அது? அடையாற்றுப் பக்கம் போனால் வேண்டிய மட்டும் பிடுங்கலாம். ஆனால் அவன் எங்கும் போகவில்லை. மறுநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். வலது கை மடியில் சாதுவாகக் கிடந்தது. இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தான். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"இத்தனூண்டு போதும்டீ."

"முடியாது."

"சொன்னது நான்தானே? இப்ப நானே வேண்டாங்கறேன். போடு."

"முடியாது அண்ணா."

என்னை யாரோ போலப் பார்த்தான். "கல்நெஞ்சுக்காரி! உனக்கு அவன் பாவம் பார்த்தானேடீ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

வலது கை வாடி ஆறிற்று. இடது கை சீழ் கோத்தது. சில நாள் கழித்து இரண்டையும் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னான்.

"ஒரே ஒரு கட்டிலுக்குச் சரின்னுட்டார். காலம்பறவே கத்தாழை வெச்சேன். நாலு நாளா கத்திண்டிருந்தவ, நான் கிளம்பறச்சே தூங்கிண்டிருந்தா."

அப்புறம் இடது கையை என் முன்னால் நீட்டினான். துணி நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

"இப்ப போடலாமோல்லியோ?" என்று அனுமதி கேட்பவன் மாதிரி கேட்டான்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். அவசரத்தில் அதைத் தலைகீழாகப் பூட்டில் செருகித் திருகினேன். அம்மாதான் வந்து, என்னைக் கல்நெஞ்சுக்காரி என்ற அதே அம்மா, என் கையைப் பிடித்து நிறுத்திச் சாவியை வாங்கித் திறந்தாள்.