தெரியலை

என் பெரிய மாமா போர் விமானி. வானத்தில் எதையோ பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று வாயைத் திறந்து சொன்னதுதான் அவர் செய்த ஒரே பிழை. பறக்கவேண்டாம் என்று நிறுத்தி, விசாரணைக்கு டில்லி வரச் சொன்னார்கள். அத்தையோடு எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வந்து தங்கினார். மாமா நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியாத குஷி. ஸ்கூலில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் மாமாவோடு வேலை பார்த்த பஞ்சாபி அங்கிள் ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பறக்கலாம், இல்லாவிட்டால் மனநல டாக்டரிடம் அனுப்பிவிட்டு ஆயுசுக்கும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று இந்தியில் மன்றாடினார். மாமா மசியவில்லை. இறக்கைக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் கூடவே வந்தது, விமானத்தைத் திருப்பினால் அதுவும் திரும்பியது, பிறகு நேர் மேலே ஏறிப் போய்விட்டது என்று சொன்னதையே சொன்னார்.

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "பலூனா, பறவையா, என்னதான் அது? எங்கிட்டயாவது சொல்லுங்களேன்" என்று தமிழில் வெடித்தாள்.

"தெரியலை" என்றார் மாமா.

தமிழ் புரியாத அங்கிள் என் பக்கம் திரும்பி, "க்யா போலா?", மாமா என்ன சொன்னார் என்று கேட்டார். நான் டில்லியிலேயே பிறந்தவள். என் தமிழ் அரைவேக்காடு. லைட்டைப் போடு, எழுத்து தெரியலை என்று அம்மா சொல்வாளே, அந்தத் தெரியலைதான் எனக்குத் தெரியும். "குச் நஹீ திக்கா" என்றேன், கண்ணுக்கு ஒன்றும் படவில்லையாம் என்று.

"அச்சா!" அங்கிள் துள்ளி எழுந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். அதையே எழுதிக் கொடு, முடிந்தது விஷயம் என்றார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவர் கையைப் பிடித்தாள். மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அப்படியே எழுதிக் கொடுத்தார். பறக்கவும் போனார். அத்தை என்னைக் கோல் மார்க்கெட் அழைத்துப் போய் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம் லீவில் வரும்போது விமானக் கதை கேட்டால், "அதுல என்னம்மா இருக்கு" என்று பேப்பரை எடுத்துக்கொள்வார். இப்போது வேறு நாட்டு விமானிகள் டி.வி.யில் உட்கார்ந்து அதே மாதிரி வெளிச்சத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். கேட்க மாமா இல்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

என் தமிழில் ஒரு ளகரம் பிசகினாலும் விடாமல் திருத்துகிறவர் அவர். அன்றைக்குத் திருத்தவில்லை. அதனால், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு ரொம்ப நாள் பெருமை.