குலுங்காத நாற்காலி

பாலக்காட்டுச் சித்தூரில் எங்கள் தெரு வழியாக ஓர் அரிசி மூட்டை சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனதை இப்போது நினைத்தாலும் கண்முன் வருகிறது. மூட்டையைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருக்கும். பக்கத்தில் மச்சான் நடந்து வருவார். டீக்கடையில் நிற்பவர்கள், "ஏனுங்க, அரிசிக்குக் கால் வலிங்களா?" என்று கேட்பார்கள். அவர் காதில் விழாது. மச்சான் என் அக்காவின் கணவர். கஞ்சிக்கோட்டில் மோட்டாருக்கான இன்வெர்ட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. யோசனையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்பமாட்டார்.

மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் அக்காவுக்கு முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கழுத்தில் மட்டும் தீராத வலி. வாங்கிய மின்சார நாற்காலி கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாயும். அந்த வெட்டில் அவள் முகம் வெளுத்துவிடும். அதைப் பார்த்த அன்றே மச்சான் சக்கரங்களைக் கழற்றிவிட்டார். வேறு மோட்டார்களும், பேட்டரி மின்சாரத்தை அலையாக்கி அவற்றுக்கு ஊட்டும் இன்வெர்ட்டரும் தானே செய்து பொருத்தினார். நிற்கிற மோட்டாரின் காந்தம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று இன்வெர்ட்டருக்குத் தெரியாவிட்டால் குத்துமதிப்பாகத் தள்ளுமாம். வெட்டு அதனால்தான். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு காந்தமும் கடக்கையில் முறுக்குவிசை ஏறி இறங்கும், நாற்காலி குலுங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு எதிராக மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்துகொண்டே இருந்தார். அக்காவை உட்காரவைத்துச் சோதிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் எடைக்கு அரிசியை நிறுத்துக் கட்டினார்.

ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். "மூட்டை வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வருது, நான் ஊட்டுக்குள்ளயே கெடக்கறேன். அடுத்த பொறப்புல அரிசியாப் பொறக்கோணும்" என்பாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலத்தில் வாய்க்கால் மேட்டுக்குப் போகவேண்டும், யாரும் தள்ளாமல், தானாகவே.

ஒருநாள் மச்சான் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் பயந்துகொண்டே லீவரைத் தொட்டாள். கிளம்பியதே தெரியவில்லை. வாசல் தூண் பின்னால் நகர்வதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. "ஏனுங்க, வலிக்கவே இல்லீங்க" என்றாள், கண் நிறைந்துவிட்டது. கேட் வரை போனவள், "இப்படியே வாய்க்காலுக்குப் போயிரட்டுங்களா?" என்று கேட்டாள். மச்சான் குனிந்து சக்கரத்தின்மேல் கை வைத்துப் பார்த்தார். "திரும்பறப்ப லேசா அதிருது கண்ணு. அதையும் சரி பண்ணிட்டுப் போலாம்." அக்கா லீவரைப் பின்னால் இழுத்தாள்.

அந்த அதிர்வு அவருக்குப் பிடிகொடுக்கவே இல்லை. ஒரு பக்கம் அடக்கினால் மறுபக்கம் தலை தூக்கியது. அதற்குள் கர்க்கடக மாதத்து அடைமழை பிடித்துக்கொண்டது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி, பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் திரும்பி வரவில்லை. மச்சானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு ஒரு துளி வலிகூட வரக்கூடாது என்றுதான் பாடுபட்டார். ஆனாலும், நடந்தால் ஐந்து நிமிஷம், அவ்வளவு தூரம்தான் அந்த வாய்க்கால்.

போன மாதம், மூணாறில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் நடக்கமுடியாத ஒரு பெண் இருக்கிறாள் என்று, அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பாலியேட்டிவ் நர்ஸ் சொன்னார். மச்சான் யோசித்து, யோசித்து, கடைசியில் சரி என்றார். ஜீப்பில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். உட்கார்ந்ததும், அவர் சொல்லிக்கொடுப்பதை முழுசாகக்கூடக் கேட்காமல் லீவரைத் தள்ளி, ஃபேக்டரி ரோட்டில் இறங்கிவிட்டாள்.

"திரும்பறப்ப அதிருதாம்மா?" என்று மச்சான் பின்னாலிருந்து கத்தினார்.

"ஆமா சார், லேசா அதிரத்தான் செய்யுது. அதுக்கு என்ன இப்போ?" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்க்கொண்டிருந்தாள்.

மச்சான் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவள் தேயிலைக்குள் வளைந்து மறைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.