சம்மதம் கேட்டவர்

குடும்பங்களில் அன்றாடம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராயும் அந்த மாணவி, போன மார்கழியில் ஞாயிறுதோறும் எங்கள் பொள்ளாச்சி வீட்டுக்கு வந்தார். ஒல்லியானவர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஒலிப்பதிவுக் கருவியைத் தொடுமுன் ஒவ்வொருவரிடமும், "சம்மதமுங்களா?" என்று கேட்பார். பால் ஊற்ற வந்தவரிடமும் கேட்டார்.

கடைசி ஞாயிறு, அண்ணி சமையலறையில் மாணவியிடம் நெடுநேரம் தனியாகப் பேசினார். வெளியே வந்த மாணவியை அண்ணன் மறித்தார். கோபம் ஏற ஏற அண்ணன் பேச்சில் மரியாதை கூடும்.

"ஏனுங்க, என்ர ஊட்டுல பேசுனதுங்க. போட்டுக் காட்டுங்க. பொறந்த ஊட்டுக்கே போறேன்னு சொன்னாளுங்களா?"

"பேசுனது அக்காங்கண்ணா. அவங்க சரின்னாத்தான் போட முடியுமுங்க."

"காட்டாம இந்த வாசப்படி தாண்ட முடியாதுங்க."

மாணவி கருவியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா அங்கதான் நிக்கறாங்க. நீங்களே கேளுங்கண்ணா."

சமையலறை வாசலில் அண்ணி ஈரக் கையோடு நின்றிருந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று அண்ணன் அவரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஏம் அம்மணி," என்றார் அண்ணன் அண்ணியைப் பார்த்து மெதுவாக, "என்ன சொன்னே?"

மாணவி கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வாங்கண்ணா, நாம வெளிய நிக்கலாம்."

இந்த வீட்டில் நடப்பதையெல்லாம் தேதியோடு எழுதி வைப்பவன் நான். அண்ணி சொன்ன பதில் மட்டும் என்னிடம் இல்லை. இப்படி ஒரு பேச்சைக் கேட்கத்தானே அந்த மாணவி வந்தார்? அதை விட்டுவிட்டு எப்படி வெளியே நடந்தார் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.