அழித்துவிட்ட ஓரக் குறிப்புகள்

நூலகத்தின் பழுதுபார்க்கும் அறையில் அவருக்கு ‘ரப்பர் அக்கா’ என்று பெயர். புத்தகம் அலமாரிக்குப் போகுமுன் வாசகர்கள் ஓரத்தில் கிறுக்கிய பென்சில் எழுத்தை அழிக்க வேண்டும் என்பது அங்கே விதி. இருபத்தாறு வருடமாக அழிக்கிறார். அழிக்குமுன் ஒவ்வொன்றையும் படித்துவிடுவார். தத்துவ நூல் எதையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. அவற்றோடு மல்லுக்கட்டியவர்களைத்தான் தெரியும்.

அன்று காலை, நன்கொடைப் பெட்டியிலிருந்த ஒரு பழைய தத்துவ நூல், அடையாளச் சீட்டு இல்லாமல் அவர் மேசைக்கு வந்துவிட்டது. நாற்பது பக்கம் அழித்திருப்பார். பிரிவுத் தலைவர் மூச்சிரைக்க வந்து ஒரு புத்தகத்தைக் காணோம் என்றார். முதல் பதிப்பாம். உலகத்தில் பத்துப் பிரதிகூடத் தேறாதாம். அதிலும் இது, ஆசிரியரே ஓரங்களில் திருத்தம் எழுதிய பிரதி என்று கொடுத்தவர் கடிதத்தில் இருக்கிறதாம். இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை, மதியம் ஆய்வாளர் வருகிறார் என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் தேடப் போனார்.

அவர் தேடுவது தன் கையிலிருக்கும் புத்தகத்தைத்தான் என்று அக்காவுக்குப் புரிந்தது. மேசையில் ரப்பர் துகள். ஊதிவிட்டால் போயிற்று, என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். இரண்டு முறை ஊதக் குனிந்தார். பிறகு புத்தகத்தோடு தலைவர் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டார்.

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஏன்க்கா, உலகத்துல அழிக்க வேற புத்தகமே கிடைக்கலையா?”

மதியம் வந்த ஆய்வாளர் கோபப்படவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய பள்ளங்கள் தாளில் தெரிந்தன. அக்கா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அழித்த பதினொரு குறிப்புகளில் பத்து பள்ளங்களோடு ஒத்துவந்தன. முப்பத்தேழாம் பக்கம் மட்டும் வழவழவென்று கிடந்தது. நூல் மொத்தமும் நிற்கும் வாதம் அந்தப் பக்கத்தில்தான்.

“இங்க என்ன இருந்துச்சுக்கா?”

“‘இதை என்னால் நிரூபிக்க முடியாது’ன்னு.”

ஆய்வாளரின் பேனா நின்றது. “நிச்சயமா?”

அதுவரை நிச்சயம்தான். ஆனால் எத்தனை ஆயிரம் ஓரங்கள். பரீட்சைக்குப் படித்த எவனோ ஒருவன் வேறொரு புத்தகத்தில் எழுதியதாக இருந்தால்?

“எழுதிக்குங்க. ஆனா நான் சொன்னேன்னு எழுதுங்க. அவர் எழுதினார்னு போடாதீங்க.”

வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அந்த வரிதான் அக்காவை விடவில்லை. இப்போது நினைத்தால் எழுத்தின் சாய்வுகூடத் தெளிவாகத் தெரிகிறது. அவ்வளவு தெளிவாகத் தெரிவதுதான் பயமாக இருக்கிறது.