ஒரு டேங்கில் பத்து நாள்

ஸ்கூட்டர் சொல்லிக்கொடுக்கும் தொழிலில், வண்டி ஓடும்போது ஆகிற பெட்ரோலைவிட நின்ற இடத்தில் உறுமும்போது ஆகிற பெட்ரோல்தான் அதிகம். ஏழு வருஷமாக மாடம்பாக்கம் பக்கத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்குகிறேன். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஒரு வண்டி, ஒரு காலி மைதானம், கர்த்தருடைய கிருபை, அவ்வளவுதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளைத் தெரு முழுக்க "மிஸ்" என்று கூப்பிடுவது இந்தத் தொழிலின் புண்ணியம்.

பங்க்கில் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்க்க முடியாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன தடவை விலை ஏறியபோது, திருச்சியில் வேலை பார்க்கும் என் மகன் டேனியல் போனில் தீர்ப்பு சொன்னான்: "அம்மா, ஒரு டேங்க் பத்து நாள் வரணும். வரலைன்னா வண்டிய வித்துடலாம். நீ வீட்ல உக்காந்து ஜெபம் பண்ணு." வழக்கமாக ஏழாம் நாளே முள் சிவப்புக்கோட்டில் போய்ப் படுத்துவிடும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் அம்மாவை உட்கார வைப்பதில் அவர்களுக்கு ஒரு ஆசை வந்துவிடுகிறது. எனக்கோ உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். ஆனாலும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

குலுக்கினால் இறங்குமா?

முதல் நாள் காலை ஆறு மணிக்கே பங்க்குக்குப் போனேன். குளிர்ச்சியில் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், கொஞ்சம் கூடவே விழும் என்று எங்கள் சபையில் ஒரு சகோதரி சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் ஏழு வண்டி நின்றது. எல்லோருக்கும் ஏதோ ஒரு சகோதரி சொல்லியிருப்பார் போல.

டேங்க் நிரம்பியதும் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் குலுக்கினேன். உள்ளே இருக்கும் காற்று போய் இன்னும் ஒரு டம்ளராவது பிடிக்காதா? மறுபடி ஊற்றச் சொன்னேன், மறுபடி குலுக்கினேன். குழாயைத் தூக்கி நன்றாக உதறச் சொன்னேன். பெட்ரோல் போடும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாக உதறிவிட்டுச் சொன்னாள்: "ஆன்ட்டி, எவ்ளோ குலுக்கினாலும் விலை மட்டும் கீழ இறங்காது. பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க, வண்டிய எடுங்க."

ஜெபம் முடியும்வரை

வகுப்பு தொடங்கும் முன் வண்டிமேல் கை வைத்து ஜெபிப்பது என் வழக்கம். வேறு சாமி கும்பிடுகிற பெண்களும் மறுத்ததில்லை. அவர்கள் ஓட்ட, பின்னால் உட்காரப்போவது நான். ஜெபம் யாருக்குத் தேவை என்று அவர்களுக்கே தெரியும்.

மறுநாள் காட்டாங்குளத்தூரில் படிக்கும் ஒரு பெண் புதிதாக வந்தாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். அவளுக்காக ஜெபித்தேன், அவளைப் பெற்றவர்களுக்காக, எதிரே வரப்போகும் தண்ணி லாரி டிரைவருக்காக, குறுக்கே வரப்போகும் மாடுகளுக்காக ஜெபித்தேன். பெட்ரோல் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரிகளின் மனம் இளகவும் கொஞ்சம் நீளமாகவே வேண்டிக்கொண்டேன். அத்தனை நேரமும் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. நடுவில் சத்தம் சட்டென்று அடங்கியது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் சாவி அந்தப் பெண் கையில் இருக்கிறது. "மிஸ், உங்க ஜெபம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி பெட்ரோல் பரலோகம் போயிடும்."

சீட்டுக்கு அடியில்

மூன்றாம் நாள் முள் நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியிருந்தது. நேரே மெக்கானிக் ஏழுமலையிடம் போனேன். கார்புரேட்டரா, பிளக்கா, எதை மாற்றச் சொல்வாரோ என்று பர்ஸில் இருந்ததை எண்ணிக்கொண்டேன். அவர் ரெண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். காற்று பாதிதான் இருந்தது. பிறகு சீட்டைத் தூக்கினார்.

உள்ளே ரெயின்கோட் ரெண்டு, தண்ணீர் பாட்டில் மூன்று, ஞாயிறு பள்ளி நோட்டுகள் ஒரு கட்டு, தைல பாட்டில், மாணவிகள் விழுந்தால் போட பஞ்சும் மருந்தும், எட்டு போட அடையாளம் வைக்கும் முழுச் செங்கல் ஒன்று, யாரோ விட்டுப்போன அரை மூடித் தேங்காய். செங்கல்லைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டியபடி ஏழுமலை என்னைப் பார்த்தார். "யக்கா, இன்னா இது, வண்டி ஓட்டறியா, வூடு காலி பண்ணிக்கினு போறியா?"

வாயால் ஓடும் வண்டி

என் மாணவிகளில் மகேஸ்வரியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வீடு வீடாகப் போய் சாம்பிள் எடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸ் எடுத்து வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். எல்.எல்.ஆர். எடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டது, வரும் வெள்ளிக்கிழமை டெஸ்ட். நேராக ஓட்டுவாள். வளைவு வந்தால் மட்டும் ரெண்டு காலும் தரையில் இறங்கிவிடும். ஒரு கை ஆக்சிலேட்டரை முறுக்கும், இன்னொரு கை பிரேக்கைப் பிடிக்கும். வண்டி நகராது, முள்தான் நகரும்.

எஞ்சினை அணைத்துவிட்டேன். "நான் பின்னால தள்றேன், நீ ஹேண்டில மட்டும் பார். எப்ப முறுக்கணுமோ அப்ப வாயால டுர்ர்னு சொல்லு, முறுக்காத" என்றேன். அவளும் டுர்ர், டுர்ர்ர் என்று சொல்லிக்கொண்டே வளைந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, டேங்குக்கு ஒரு சொட்டு நஷ்டமில்லை. அன்று பார்த்து மகேஸ்வரியின் கணவர் குமார், பெண்டாட்டி எவ்வளவு தேறியிருக்கிறாள் என்று பார்க்க வந்துவிட்டார். மைதான ஓரத்திலிருந்தே கேட்டார்: "மிஸ், தப்பா நினைக்காதீங்க. ஃபீஸ் வாங்கறது நீங்க, சவுண்டு மட்டும் என் பொண்டாட்டியா?"

சர்க்கரைக்காரர்களின் எட்டு

தள்ளித் தள்ளி என் இடுப்பு விட்டுப்போனதால் அடுத்த யோசனை வந்தது. மைதானத்தில் கோலமாவால் பெரிய எட்டு ஒன்று போட்டேன். வண்டியே வேண்டாம், முதலில் கால் பழகட்டும் என்று அப்போது என்னிடம் பழகிய நாலு மாணவிகளையும் ஹேண்டில் பிடித்த மாதிரி கையை நீட்டிக்கொண்டு அதன் மேல் நடக்கவிட்டேன். எங்கே திரும்ப வேண்டும், எங்கே கண்ணைத் திருப்ப வேண்டும் என்று நடந்தாலே பாதி புரிந்துவிடும்.

மறுநாள் காலை போனால் எட்டில் இடமில்லை. எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை குறையும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்த பெரியவர்கள் ஒன்பது பேர் அதில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கையை நீட்டிக்கொண்டு நடந்ததையும் யாரோ பார்த்திருக்க வேண்டும், அவர்களும் கையை நீட்டிக்கொண்டே நடந்தார்கள். எங்கள் பெண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "சார், இது டிரைவிங் கிளாஸ்" என்றேன். ரிட்டையர்டு சார் ஒருவர் நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா. நாளைக்கு வளைவ கொஞ்சம் பெருசா போடுங்க, திரும்பறப்ப தலை சுத்துது."

டிராஃபிக் பழக்கம்

செம்பாக்கத்திலிருந்து வரும் அம்மா ஒருவர். "மிஸ், கிரவுண்டுல நல்லா வருது. டிராஃபிக்ல பழகணும்" என்றார். நியாயம்தானே என்று பின்னால் உட்கார்ந்தேன். வண்டி தாம்பரம் மார்க்கெட்டில் போய் நின்றது. இறங்கினார், கத்தரிக்காய் பேரம் பேசினார், ரெண்டு பையை என் மடியில் வைத்தார். திரும்பும் வழியில் ரேஷன் கடையில் ஒரு யு டர்ன் பழகினார். அங்கே அரிசி மூட்டை என் காலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. கோபமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வீடு வரும்வரை முயற்சி செய்தேன், எனக்கு அது வருவதில்லை. அவரோ மூட்டையை இறக்கிக்கொண்டே அன்பாகச் சொன்னார்: "நாளைக்குக் கூட்டத்துல மெதுவா ஓட்டறது பழகலாம் மிஸ். மாவு மில்லு வாசல்ல நல்ல கூட்டம் இருக்கும்."

ஒன்பதாம் நாள்

வெள்ளிக்கிழமை. வாக்குப்படி இன்னும் ஒரு நாள் பாக்கி. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்வந்து, சனிக்கிழமை ரெண்டு வகுப்பையும் வாயாலேயே ஓட்டிவிட்டால் பத்து நாள் ஆகிவிடும். வண்டி எனக்குத் தங்கிவிடும்.

அங்கே வரிசையில் நிற்கும்போது மகேஸ்வரி முன்னால் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் போன மூன்று பேரில் ரெண்டு பேர் காலை ஊன்றித் திரும்பி வந்திருந்தார்கள். "மிஸ், ஒரே ஒரு தடவை நிஜமா ஓட்டிப் பாத்துக்கறேனே" என்றாள். நான் முள்ளைப் பார்த்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி ஆண்டவரிடம் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும். ஆபீஸுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் எட்டு போட விட்டேன். ஒன்று இல்லை, பதினொன்று போட்டாள். பன்னிரண்டாவதை அதிகாரி முன்னால் போட்டாள். கால் இறங்கவே இல்லை. வளைவில் அவள் உதடு மட்டும் டுர்ர் என்று அசைந்தது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில், சேலையூர் வருவதற்கு முன்பே வண்டி ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பங்க் வரை வெயிலில் தள்ளினோம். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பாஸான பெண் வேர்த்து விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "ஏன் மிஸ், ஓட்டத் தெரிஞ்சப்புறமும் தள்ளிக்கிட்டுதான் போகணுமா?"

விற்பனைக்கு

சனிக்கிழமை டேனியல் வந்தான். "எத்தனை நாள்மா?" என்றான். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது என் பிள்ளைகளுக்குப் பெரிய சௌகரியம். "ஒன்பது" என்றேன். அவன் திட்டவில்லை. வண்டியைத் துடைத்து, மாமரத்தடியில் நிறுத்தி, நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். நான் அடுப்படிக்குப் போய், வதங்கிவிட்ட வெங்காயத்தை ரொம்ப நேரம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் அவனுக்குத் தாம்பரத்தில் ரயில். போனில் ஆட்டோ போட்டான். மூன்று டிரைவர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. தெருமுனை ஆட்டோக்காரரைக் கூட்டிவந்தால் அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா சார் முறைக்கிற? பெட்ரோல், கேஸு எல்லாம் ஏறிக்கீது. வோணான்னா அந்த மிஸ்ஸாண்ட லிஃப்ட் கேளு, அதான் வண்டி நிக்குதே" என்று மரத்தடியைக் காட்டினார் அவர். ரயிலுக்கு அரை மணிதான் இருந்தது. நான் சாவியை எடுத்துவந்தேன்.

ஊறுகாய்ப் பாட்டிலும் பையுமாக அவன் பின்னால் உட்கார்ந்தான். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டியை அணைத்தேன். முறுக்காமல், திடீர் பிரேக் போடாமல், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஒரே சீராகப் போய் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினேன். ரயில் இன்னும் வரவில்லை. அவன் இறங்கி, போனை எடுத்து ஏதோ தட்டினான். "போட்டோ எல்லாம் அழிச்சுட்டேன்மா. அடுத்த மாசம் ஏழாம் தேதி வர்றேன், இங்கயே வந்து நில்லு. டேங்க் எத்தனை நாள் வந்தா என்ன, நான் ஆட்டோவுக்குக் குடுக்க மாட்டேன்."

பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி சொல்வார்கள் சகோதரிகளே, ஆனால் வண்டியை மிச்சம் பிடிக்க, அதை விற்கச் சொல்கிற ஆளை ரயிலுக்கு நேரமாகும்போது பின்னால் உட்கார வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.