கட்டிலுக்குக் காவல்

தையலம்மாளுக்கு ஐம்பது வயது முடிந்த வருஷம், அவள் புருஷன் குழந்தைவேல் கரும்பாலையில் விழுந்தார். மாசி மாதம். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. சக்கைக் கட்டைத் தூக்கி அடுப்பருகே போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு சரிந்தார். அவருடைய நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழும் கண்ணையன்தான் வண்டி பூட்டி, ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூருக்குக் கொண்டுபோனான். தையலம்மாள் வண்டியில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

வில்லியனூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் அரங்கநாதன் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் படித்தவர். ஊசி போட்டார். வலி தணிந்த பிறகு தையலம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"நெஞ்சுன்னா அது ஒரு சதைதாம்மா. ஓயாம வேலை செய்யற சதை. அதுக்கும் ரத்தம் வேணும். ரத்தம் போற குழாய் வாய்க்கால் மாதிரி தூர்ந்துபோனா சதைக்குப் பாய்ச்சல் இல்லாம வலிக்கும். அடைச்சே போனா ஒரு பக்கம் செத்துப்போகும். இவருக்கு அப்படித்தான் ஆகியிருக்கு. அந்தப் புண் ஆறணும்."

"ஆறுங்களா?"

"ஒன்றரை மாசம் கட்டில்ல கிடக்கட்டும். உப்பைக் குறைங்க. நெய், கறி கொஞ்சமாப் போதும். சுருட்டு கூடவே கூடாது. கோபம், கவலை, கனம் தூக்கறது எதுவும் வேண்டாம். அப்புறமா மெல்ல நடக்க விடுங்க."

தையலம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சுருட்டுப் பெட்டியை அடுப்பில் போட்டாள். குழம்பை இரண்டு சட்டியில் வைத்தாள்; ஒன்று உப்பில்லாமல் அவருக்கு, ஒன்று அவளுக்கு. ஒன்றரை மாதம் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை.

தவணை முடிந்ததும் குழந்தைவேல் எழுந்து நின்றார். வெகுநாள் படுத்திருந்த கால்கள், தலை சுற்றியது. சுவரைப் பிடித்தபடி முகம் வெளுத்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த தையலம்மாளுக்கு ஆலையில் விழுந்த நாளே திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றியது. தோளைப் பிடித்து மறுபடி படுக்கவைத்துவிட்டாள்.

"டாக்டரே நடக்கச் சொன்னாருடி."

"ஆறட்டும். எங்க போவுது நடை? புண்ணு ஆறட்டும்."

எப்போது ஆறும் என்று அவளுக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தோன்றவில்லை. கேட்டால் நடக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அப்படியே வெயில் காலம் போனது, மழைக்காலம் போனது, அடுத்த கரும்பு வெட்டும் வந்தது. ஒரே மகன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆபீசில் இருந்தான். வருவதாகச் சொல்லிக்கொண்டே வராமல் இருந்தான். வீட்டில் இருந்தது இரண்டே பேர். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குக் காவலாக ஒருத்தி.

வைகாசியில் வில்லியனூர்த் தேர். அவள் போகவில்லை. பாகூரில் கட்டிக்கொடுத்த மகள் தனக்கொடிக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டில் நடக்க வேண்டியது, அப்பன் படுத்திருக்கும் வீட்டில் பிள்ளை அழுதால் அவருக்கு ஆகாது என்று தையலம்மாள்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பிரசவத்துக்காவது பாகூருக்குப் போயிருக்கலாம். வாசலில் வண்டிகூட வந்து நின்றது. புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவள், உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டு, "நான் வரல, போய்டு" என்று வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினாள். ஆண் பிள்ளை பிறந்தது என்று மறுநாள் ஆள் வந்து சொன்னான். அவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதாள்.

குழந்தைவேலுக்குப் படுக்கை நரகமாக இருந்தது. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டார்.

"நான் இன்னா மாடா, கட்டிப் போட்டு வெக்க? தவுடு மாதிரி சோறு. நாலு பேரு மூஞ்சியப் பாத்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

"கத்தாதீங்க. கோவம் ஆவாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

அதற்கு மேல் அவரால் கத்தவும் முடியவில்லை. கோபப்படுவதற்குக்கூட அந்த வீட்டில் அனுமதி இல்லை.

அவர் சாப்பிட்ட பிறகு அவள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பழைய சோறு, கருவாடு, ஊறுகாய். பிறகு ஒரு துண்டுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வாள். அது இருந்தால் பசி தெரியாது, களைப்பும் தெரியாது. கிணற்றுத் தண்ணீர், விறகு, மாடு, கண்ணையனோடு வாரக் கணக்கு எல்லாம் அவள் தலையில். கவலைப்படக் கூடாதவர் கட்டிலில் இருந்ததால் அவர் கவலையையும் சேர்த்து அவளே பட்டாள். டாக்டர் வேண்டாம் என்ற எல்லாவற்றையும் அவரிடமிருந்து பிடுங்கித் தான் வைத்துக்கொண்டது போல் ஆகிவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சுநோய் அவருடைய நோய்.

அந்த ஐப்பசியில் அவளுக்குக் கீழ்த்தாடையில் வலி கண்டது. குடத்தை இடுப்பில் வைத்துக் கிணற்றிலிருந்து வரும்போது தாடை இறுகும், இடது தோள் கனக்கும், மழைச் சாரலிலும் கழுத்து வேர்க்கும். நின்றால் விட்டுவிடும். பல்வலி என்று கிராம்பை வைத்துக் கடித்தாள். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த நாவிதரிடம் வாயைத் திறந்து காட்டி, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் போடச் சொன்னாள்.

"பல்லு கல்லாட்டம் இருக்குதே தாயி" என்றார் அவர்.

"இருக்கட்டும், புடுங்கு."

புண் ஆறியது. வலி போகவில்லை.

கட்டிலில் கிடந்தவருக்குக் காதுதான் உலகம். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது, குடம் தளும்புவது, அவள் கால் மெட்டி கல்லில் தட்டுவது, இதையெல்லாம் கேட்டே அவர் பொழுதைப் போக்கினார். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் பாதி வழியில் நின்று, பிறகு மெல்லத் தொடங்குவதைக் கவனித்தார். ஒரு நாள் குடத்தோடு உள்ளே வந்தவளைக் கேட்டார்.

"வழியில ஏன் நிக்கற?"

"பல்லு நோவுது."

"அதான் புடுங்கிப் போட்டியே?"

அவள் குடத்தை இறக்கினாள். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"தையலு, இங்க பாரு. நடந்தா வருதா? நின்னா பூடுதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆலையில வுழறதுக்கு முன்ன எனக்கும் அப்டித்தான் இருந்துது. வரப்பு ஏறினா புடிக்கும், நின்னா வுட்ரும். வாயுன்னு நெனச்சுக்கினு யாராண்டயும் சொல்லல. ஒனக்குத் தாடையில வருது, அவ்ளோதான். கண்ணையன வண்டி பூட்டச் சொல்லு."

"பொம்பளைக்கு ஏதுங்க அந்த நோவு? நான் போய்ட்டா ஒங்கள யாரு பாக்கறது?"

குழந்தைவேல் காலைத் தரையில் ஊன்றினார். அவள் "வேணாம், வேணாம்" என்று ஓடிவந்தாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்தார். சுவர், தூண், கதவு என்று பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போய், கண்ணையனைக் கூப்பிடத் தெருவில் இறங்கிவிட்டார். தடுக்கப் பின்னால் ஓடினவள் வாசற்படியிலேயே தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை வலி நெஞ்சுக்கும் இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு, தெருவில் தள்ளாடிப் போகும் புருஷனைப் பார்த்தாள். எழவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை.

வில்லியனூரில் டாக்டர் குழலை வைத்து அவள் நெஞ்சை வெகுநேரம் கேட்டார். பிறகு குழந்தைவேலைப் பார்த்து, "நீங்க இத்தனை நாளா எங்க போனீங்க?" என்றார்.

"கட்டில்ல."

"யார் படுக்கச் சொன்னது?"

குழந்தைவேல் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்கவில்லை. தையலம்மாளே சொன்னாள்: "நான்தாங்க. எழுந்தா செத்துப் பூடுவாருன்னு."

"புண் ஆறின பிறகு படுத்தே கிடந்தா சதை எல்லாம் சோர்ந்துபோகும்மா. இவரு சமதரையில தினம் கொஞ்சம் நடந்திருக்கணும். உங்களுக்கும் அதே நோய்தான். பொம்பளைங்களுக்கு வராதுன்னு யாரு சொன்னா? வலி கண்ட எடம் வேற மாதிரி இருக்கறதால நீங்க வர்றதில்ல, அவ்வளவுதான்."

"நல்ல பல்லப் புடுங்கிட்டனே" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரை கொடுத்தார். கருவாடு, ஊறுகாய், புகையிலை மூன்றையும் விடச் சொன்னார். நிறைகுடம் தூக்கக் கூடாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வலி வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், நின்றும் போகாவிட்டால் உடனே வண்டி பூட்ட வேண்டும். புருஷனுக்குச் சொன்னதையேதான் மறுபடி சொன்னார். ஆனால் இந்த முறை அவள் பாதியில் நிறுத்தி, "இது எனக்குங்களா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான்."

அதற்குப் பிறகு குழந்தைவேல் தண்ணீர் இறைத்தார், முதலில் கால் குடம், பிறகு அரைக்குடம். மாட்டுக் கொட்டகை வேலைக்குக் காசம்மாள் என்பவளை வைத்தார்கள். தையலம்மாள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காசம்மாள் சாணியை வழித்த விதம் பிடிக்கவில்லை. அவர் தண்ணீரை வழியெல்லாம் சிந்திய விதம் பிடிக்கவில்லை. புகையிலை இல்லாமல் நாக்கு வறண்டது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. இருந்தும் எழவில்லை. மெல்ல மெல்லத் தாடை வலி குறைந்தது.

தை முடிந்ததும் அவளைப் பாகூருக்கு அனுப்பிவைத்தார். பேரன் தவழத் தொடங்கியிருந்தான். இவளைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு வீறிட்டான்.

"ஆள் தெரியலம்மா அவனுக்கு" என்றாள் தனக்கொடி. பிறகு, பாத்திரத்தை எடுத்து வைத்தபடியே, "நீ வருவன்னு கடைசி வரைக்கும் வாசலப் பாத்துக்கினு இருந்தன்" என்றாள்.

தையலம்மாள் எழுந்து போய் மகள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்தாள். ஒரு மாதம் இருக்கலாம் என்றுதான் வந்திருந்தாள். பேரன் நாலைந்து நாளில் பழகி மடியில் ஏறினான். ஆனால் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஒதியம்பட்டு நினைவு. அவர் உப்பு எவ்வளவு போடுகிறாரோ, கண்ணையனிடம் சுருட்டு வாங்கிக் குடிக்கிறாரோ என்று மனசு அங்கேயே கிடந்தது.

"இன்னும் பத்து நாள் இரும்மா. அப்பாவுக்கு ஒன்னியும் ஆவாது."

"தெரியும்டி. ஆனா இருக்க முடியல" என்று மூட்டையைக் கட்டினாள்.

அதற்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் இருந்தாள். ஐரோப்பாவில் சண்டை மூண்டு, சைகோன் மகனிடமிருந்து தகவலே நின்றுபோன காலத்தில், ஒரு புரட்டாசிக் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபடியே தையலம்மாள் போய்ச் சேர்ந்தாள். குழந்தைவேல் அப்போது கழனிக்கு நடந்து போயிருந்தார். சொல்லி அழைத்துவர ஓடிய காசம்மாள், ஓடிவராதீங்க, மெல்ல வாங்க என்று அவரிடம் கெஞ்சிக்கொண்டே கூட வந்தாள்.