ஒருமுறையும் பெயிலாகாத மஞ்சள் நம்பர் ஸ்கூட்டர்

போன கிழமை மகள் துளசியின் காரை வாகனச் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. நான்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஒரு கையில் கோப்பியோடு படித்தாள்.

"இதுக்கேனம்மா உங்கட முகம் இப்பிடிப் போகுது? கராஜ்காரரே கொண்டுபோய்க் காட்டிக்கொண்டு வருவினம்."

அவ்வளவுதான். கடிதத்தைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்தக் கடிதத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பெற்றோல் மணக்கும். கூடவே சந்தனமும் மணக்கும். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். போதாததற்குக் கூச்சம் வேறு. சுவிசுக்கு வந்து துன் நகரில் குடியேறிய புதிதில், கடையில் ஒரு பாண் வாங்குவதென்றாலும் இவர்தான் வாய் திறப்பார், நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். இவர் என்றால் என் கணவர். ஏரிக்கரை உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு முதுகு பழுதாகி, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்போது எங்களிடம் இருந்தது தற்காலிக வதிவிட அட்டை. வீட்டில் ஒருவராவது நிலையான வேலையில் இருந்தால்தான் நல்ல அட்டை கிடைக்கும். எனக்கு ஒரு ஹோட்டல் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வேலை தொடங்குவது காலை ஐந்து மணிக்கு. முதல் பஸ் வருவது ஆறு மணிக்கு.

இவரோடு வேலை செய்த ஒரு சுவிஸ்காரர் தன் பழைய ஸ்கூட்டரைத் தந்தார். சின்னது, மஞ்சள் நம்பர் தகடு, மலையேறும்போது என்னைப் போலவே மூச்சு வாங்கும். அதை ஓட்டுவதற்கான எழுத்துச் சோதினையில் நான் இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரம் படங்களை மனப்பாடம் செய்து பாசானேன். ஸ்கூட்டர் என்னைவிடக் கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் ஒரு சோதினையிலும் பெயிலாகாதது அது மட்டும்தான்.

ஆனால் முதல் தரம் கடிதம் வந்தபோது அது எனக்கு எப்படித் தெரியும்? பிழை கண்டால் தகட்டைக் கழற்றிவிடுவார்கள் என்று ஆரோ சொல்லிவிட்டார்கள். தகடு போனால் ஐந்து மணி வேலை போகும். வேலை போனால் அட்டை வராது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவர் குந்தியிருந்து பிரேக், ஹோர்ன் எல்லாம் பார்த்தார். நான் காலையில் ஸ்கூட்டரைக் கழுவி, முன் லைட்டின் நடுவில் பெரிதாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

"என்னப்பா, லைட்டுக்கும் பொட்டோ? அதென்ன நெத்தியோ?" என்றார் இவர்.

"முன்னுக்கு இருந்தா நெத்திதான். நீங்கள் பேசாம தேசிக்காயை வையுங்கோ."

சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்தோம். பின்னேரம் கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா, நான் கடைச்சாமானை விழுத்திவிட்டேன் என்று நினைத்து, ஒரு பை நிறையத் தேசிக்காய் கொண்டுவந்து தந்தது வேறு கதை. ஒரு மாதம் ஊறுகாய்தான்.

முதுகு நோவோடு இவரால் வர முடியவில்லை. தனியேதான் போனேன். சோதனை செய்தவர் உயரமானவர், நரைத்த மீசை. பிரேக்கைப் பிடித்தார், தலையாட்டினார். ஹோர்ன் அடித்தார், தலையாட்டினார். பிறகு லைட்டுக்கு முன்னால் வெளிச்சம் அளக்கும் பெட்டியை உருட்டிவந்து வைத்தார். பெட்டிக்குள் விழுந்த வெளிச்சத்தின் நடுவில், முன்பல் விழுந்த வாய்போல ஒரு கறுப்புப் பொட்டு. அவர் தலையாட்டவில்லை. குனிந்து லைட்டைப் பார்த்தார்.

"வாஸ் இஸ்ற் தாஸ்?"

என்ன இது என்று கேட்கிறார். அது விளங்கியது. என் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். பிறகு லைட்டைக் காட்டினேன். பிறகு ஏனோ கும்பிட்டும் விட்டேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார். ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். தான் துடைக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நானே துடைத்தேன். வெளிச்சம் முழுதாக விழுந்தது. முத்திரை குத்தித் தந்துவிட்டு, முன் சில்லுக்கு மேலிருந்த மட்காட்டை விரலால் தட்டி மெதுவாகச் சொன்னார்:

"அடுத்தமுறை இங்கே வையுங்கள். இங்கே நான் ஒன்றும் அளப்பதில்லை."

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் முதுகு நோவையும் மறந்து சிரித்தார். "சாமிக்கு இடம் ஒதுக்கித் தந்திருக்கிறான் மனிசன்!"

அதற்குப் பிறகு எத்தனை சோதனை! ஒவ்வொரு தரமும் அவர் முதலில் மட்காட்டைத்தான் பார்ப்பார், பிறகுதான் பிரேக். ஒவ்வொரு தரமும் பாஸ். நான் ஒருநாளும் வேலைக்குப் பிந்தவில்லை. நல்ல அட்டையும் கிடைத்தது. அதைக் கையில் வாங்கிய அன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கீழே போய் ஸ்கூட்டரின் சீற்றைத் தடவிக் கொடுத்தேன்.

இவர் கண்மூடிய வருசமும் கடிதம் வந்தது. அந்தமுறை மட்காட்டில் பொட்டு இல்லை. என் நெற்றியிலும் இல்லை. அவர் இரண்டையும் பார்த்தார். சோதனை முடிந்ததும் ஸ்கூட்டரைத் தானே வெளிவாசல்வரை உருட்டிவந்து என் கையில் தந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்தமுறை போனபோது அவர் இல்லை, பென்சனில் போய்விட்டாராம். கையடக்கக் கணினியோடு ஒரு இளம் பெண் நின்றாள். அவளிடமும் பாஸ்.

கடைசியாக இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று ஸ்கூட்டருக்கு. மற்றது எனக்கு. எழுபத்தைந்தாகிவிட்டதாம், டொக்டரிடம் கண் காட்ட வேண்டுமாம். ஸ்கூட்டர் பாஸ். நான் பெயில். டொக்டர் காட்டிய கீழ்வரியில் எனக்கு எறும்புகள்தான் தெரிந்தன.

"அது ஓடும், நான்தான் ஓடமாட்டன்" என்றேன். துளசி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அந்தச் சலவைக் கூடம் இல்லை. துணிகள் லொறியில் எங்கேயோ போய் வருகின்றன. முதல் பஸ்சும் ஐந்துக்கு முன்பே வருகிறது, சத்தமே இல்லாமல். பழைய வண்டிகளைச் சேர்த்துக் கப்பலில் ஆபிரிக்காவுக்கு அனுப்புகிற ஒருவர் வந்து ஸ்கூட்டரைக் கொண்டுபோனார். அவர் வர முன்பு அதைக் கழுவினேன். சந்தனம் குழைத்து மட்காட்டுக்குக் கொண்டுபோன விரலை நிறுத்தி, முன் லைட்டின் நடுவிலேயே வைத்தேன், முதல்நாள் வைத்ததுபோலப் பெரிதாக. அதன் வெளிச்சத்தை இங்கே இனி ஒருவரும் அளக்கப்போவதில்லை.